கரண்ட் போனாலும் கதை அங்கேயேதான்: ‘எதிர்நீச்சல்’

2022 பெப்ரவரியில் சன் ரீவியில் ‘எதிர்நீச்சல்’ தொடங்கியது. அதோடு சேர்ந்தாற்போல் கொழும்பில் மின்வெட்டும் தொடங்கியது. வெள்ளவத்தையில் எங்கள் ஃபிளாட்டில் இரவு ஒன்பதரைக்கு சீரியல் பார்க்கலாமா, மெழுகுதிரி ஏற்றலாமா என்பதை அன்றைய அட்டவணைதான் சொல்லும். மார்ச் கடைசியில் 13 மணி நேர வெட்டு வேறு. அம்மா துடித்துப்போவார். நான்கு நாள் தவறவிட்டு ஐந்தாம் நாள் போட்டால், அதே சமையலறை, அதே மருமக்கள், அந்த வீட்டை ஆட்டிப்படைக்கும் மூத்த அண்ணன் குணசேகரன் அதே கதிரையில். “பரவாயில்ல பிள்ளை, எங்களுக்காகக் காத்துக்கொண்டு நிக்கினம்” என்றார் அம்மா.

இதன் இயக்குநர் திருச்செல்வம், ‘கோலங்கள்’ தொடரை 1500 எபிசோடுக்கு மேல் இழுத்தவர். அவரிடம் வேகம் எதிர்பார்த்தால் பிழை எங்களுடையது. ஆனால் அந்த மெதுவிலும் இரண்டு வகை உண்டு.

சமையலறையில் அது பலித்தது. அந்த வீட்டு மருமகள்களில் ஒருத்தியான ஹரிப்ரியாவின் நந்தினியைச் சொல்கிறேன். புருஷன் கதிரின் காலடிச் சத்தம் கேட்டால் பேச்சை விழுங்குவாள். பிறகு அவன் முதுகுக்குப் பின்னால் முணுமுணுப்பு. பிறகு அவன் காதில் விழட்டும் என்றே ஒரு நக்கல். இதை மாதக்கணக்கில் பார்த்துப் பழகியதால்தான் அவள் முகத்துக்கு நேரே வாய் திறந்த அன்று, அம்மா இடியப்பத் தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கை தட்டினார். நான்கு எபிசோடில் அவளைப் புரட்சிக்காரி ஆக்கியிருந்தால் தட்டு கையிலேயே இருந்திருக்கும்.

குடும்பச் சொத்தில் அப்பத்தாவின் 40 சதவீதப் பங்கு வரும் இடமெல்லாம் வேறு கதை. அதில் யாரும் மாறுவதில்லை, பேசியதையே பேசுவார்கள். குணசேகரனின் தங்கை ஆதிரையின் கல்யாணத்தில் கீழ்வீட்டு அன்ரிக்கே பொறுமை போய்விட்டது. “ஒரு தாலி கட்ட இத்தனை கிழமையோ?” என்று லிஃப்டில் என்னைப் பிடித்துக் கேட்டார், ஏதோ நான்தான் எழுதினேன் என்பதுபோல. ஆனாலும் மறுநாள் ஒன்பதரைக்கு அவர் வீட்டு ரீவிச் சத்தம் எங்களுக்குக் கேட்கும்.

2023 செப்டெம்பர் 8 அன்று, குணசேகரனாக நடித்த மாரிமுத்து காலமானார். “இந்தாம்மா ஏய்” என்று எங்கள் மாடிப்படியில் கத்தி விளையாடிய பிள்ளைகளுக்குக்கூட முகம் வாடிப்போனது. அவருக்குப் பின் வந்த வேல ராமமூர்த்தி நன்றாக மிரட்டினார், அதில் குறையில்லை. ஆனால் மாரிமுத்துவின் குணசேகரன் முதலில் சிரிக்க வைப்பார். ஊர்க்கதைபோலத் தொடங்கி, கொஞ்சம் நிறுத்தி, கடைசிச் சொல்லில் குத்துவார். சிரித்த வாயோடு நாங்கள் அகப்பட்டு நிற்போம். புதியவர் வாசலில் நுழையும்போதே கோபமாக நுழைந்தார். அதற்குமேல் ஏறப் படி இல்லை. இந்தச் சீரியலின் நடை அந்த மனிதரின் மூச்சில் இருந்திருக்கிறது என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

2024 ஜூனில் முடிந்தது. இப்போது ஃபோனில் முதலிலிருந்து பார்க்கப்போகிறீர்களா? சமையலறைக் காட்சி ஒன்றையும் விடாதீர்கள். சொத்துப் பேச்சு வந்தால் தயங்காமல் தள்ளிவிடுங்கள், ஒன்றும் குறையாது.

இரண்டாம் பாகத்தில் கதாநாயகி ஜனனியாக மதுமிதா இல்லை, பார்வதி. அம்மா அதையும் விடவில்லை. “இந்தப் பிள்ளையும் நல்லாத்தான் செய்யுது. ஆனா இத்தனை வருசம் அந்த வீட்டில இருந்தவள் மாதிரி இல்ல, நேற்றுத்தான் கலியாணமாகி வந்தவள் மாதிரிக் கிடக்கு” என்கிறார்.