ஒலிமேம்பாட்டு மென்பொருள்: சந்தா கட்டும் அளவுக்கு இருக்கிறதா?

மடிக்கணினியின் ஒலியை ஸ்டுடியோ தரத்துக்கு உயர்த்தும் என்று சொல்லி, பெங்களூரு எஸ்.பி. ரோட்டுக் கடையொன்றில் புதுக் கணினியோடு ஆண்டுச் சந்தாவாக எனக்கு விற்கப்பட்ட மென்பொருளைப் பற்றியது இம்மதிப்புரை. அதை இயக்கியதும் கச்சேரிப் பதிவு எடுப்பாகக் கேட்பது உண்மைதான். ஆனால் அந்த எடுப்பில் பெரும்பங்கு வெறும் சத்தக் கூடுதல். ஒரே பதிவை இருமுறை கேட்கும்போது, ஓரிரு டெசிபெல் உரக்க ஒலிப்பதையே காது தெளிவானது என்று எடுத்துக்கொள்ளும். வால்யூமைக் குறைத்து, மென்பொருள் இல்லாதபோது இருந்த அளவோடு சமப்படுத்திக் கேட்டால், விளம்பரம் சொல்லும் வேறுபாட்டில் மிஞ்சுவது சொற்பமே.

மிஞ்சுவதிலும் ஒரு பகுதி கெடுதல். மெல்லிய ஒலிகளை உயர்த்தி உரத்தவற்றை அமுக்கும் கம்ப்ரஷனை இதில் தாராளமாக வைத்திருக்கிறார்கள். அதனால் ஆலாபனையில் பாடகர் மூச்சு வாங்கும் இடைவெளிகளில் தம்புரா மேலெழுந்து வருகிறது. முன்வரிசை இருமல்கூடப் பக்கவாத்தியமாகிவிடுகிறது. மிருதங்கக்காரர் தனியே வாசிக்கும் தனி ஆவர்த்தனத்தில், மெல்லத் தொடங்கி அதன் நிறைவுக் கோப்பான மோராவை நோக்கி ஏறும் ஏற்றம் தட்டையாகிப்போவதுதான் எனக்குப் பெரிய குறை.

எம்பி3 கோப்பு இழந்ததை மீட்டுத் தரும் என்ற கூற்றை ஏற்பதற்கில்லை. காதுக்கு எட்டாது என்று கணித்து எம்பி3 களைந்த விவரங்கள் கோப்பில் இல்லவே இல்லை. மென்பொருள் சேர்ப்பது தன் ஊகத்தில் உண்டாக்கியவற்றைத்தான். நொடிக்கு 44,100 முறை மாதிரி எடுக்கும் 44.1 கிலோஹெர்ட்ஸ் குறுந்தகட்டுப் பதிவை 192 கிலோஹெர்ட்ஸ் ஆக்குவதாலும் புதிதாக எதுவும் வந்துவிடாது. மாதிரி வீதத்தில் ஏறக்குறைய பாதி வரையிலான அதிர்வெண்கள் பதிவாகும் என்பதால், மனிதக் காதின் எல்லையான 20 கிலோஹெர்ட்ஸ் வரை அதில் முன்பே அடங்கியிருக்கிறது.

ஒன்றைப் பாராட்டியாக வேண்டும். மிருதங்கத்தின் தாழ்ந்த நாதம் எழும் பக்கமான தொப்பியின் ஒலி மடிக்கணினியின் சிறிய ஸ்பீக்கரில் பெரும்பாலும் காணாமற்போகும். அதன் ஹார்மோனிக்ஸை, அதாவது அடிநாதத்தின் மடங்குகளான மேல் அதிர்வெண்களை, வலுப்படுத்தினால், அடிநாதம் ஒலிக்காமலேயே மூளை அதை நிரப்பிக்கொள்ளும் என்ற உத்தியை இம்மென்பொருள் நன்றாகக் கையாள்கிறது. தொப்பியில் கையை அழுத்தி எழுப்பும் வளைந்த நாதமான கும்கி ஓரளவு புலப்படுகிறது. ஹெட்ஃபோனில் இதே உத்தி தொப்பியை வீங்கவைப்பதால், அப்போது அணைத்துவிடுவது நல்லது.

விண்டோஸ் வைத்திருப்பவர்கள் பணம் கட்டுமுன் ஈக்வலைசர் ஏபிஓ என்னும் இலவசத் திறமூல மென்பொருளை முயன்று பார்க்கலாம். தோற்றம் வறண்டது, ஆனால் எந்த அதிர்வெண்ணை எத்தனை டெசிபெல் கூட்டுவது, குறைப்பது என்பதை நாமே தீர்மானிக்கலாம். எதையேனும் உயர்த்தினால், மொத்த ஒலியளவை அமைக்கும் ப்ரீஆம்பை அதே அளவு குறைத்து வைக்க வேண்டும். இல்லையேல் உரத்த இடங்களில் ஒலி கரகரக்கும். சந்தாவை நான் புதுப்பிக்கப்போவதில்லை.