ப்ரூடர் கிளவுஸ் சேப்பல், வாகன்டார்ஃப்: வெளிய கான்க்ரீட், உள்ள கரி வாசனை

ஜெர்மனில கொலோன் வர்றவங்க பெரிய கதீட்ரல பாத்துட்டு அப்படியே கிளம்பிடுறாங்க. டைம் இருந்தா ஐஃபல் மலைப்பக்கம் மெக்கர்னிஷ் ஊர் வரைக்கும் போய், வாகன்டார்ஃப் கிராமத்து வயல் நடுவுல இருக்குற இந்த குட்டி சேப்பலையும் பாத்துடுங்க. தூரத்துல இருந்து பாத்தா கோயில்னே தோணாது, 12 மீட்டர் உயரத்துல ஜன்னலே இல்லாத ஒரு கான்க்ரீட் தூண், அவ்ளோதான்.

அந்த ஊர் விவசாயக் குடும்பம் ஒண்ணு நன்றிக்கடனா தங்களோட நிலத்துலயே கட்டுனது, 2007ல மந்திரிச்சு வழிபாட்டுக்குத் திறந்தாங்க. ப்ரூடர் கிளவுஸ்ங்கறவரு 15ஆம் நூற்றாண்டு சுவிஸ் புனிதர், துறவியா போறதுக்கு முன்னாடி அவரும் விவசாயிதான். டிசைன் பண்ணுனது ஆர்க்கிடெக்ட் பீட்டர் சும்தோர், கட்டடக்கலைக்கான பெரிய விருதான ப்ரிட்ஸ்கர் பரிச 2009ல வாங்குனவரு.

கட்டுன விதம்தான் மேட்டரே. 112 மரத்த கூடாரம் மாதிரி சாய்ச்சு நிறுத்தி, அதச் சுத்தி ஒரு நாளைக்கு அரை மீட்டர்னு 24 அடுக்கு கான்க்ரீட் கொட்டி இடிச்சு இறுக்கியிருக்காங்க, அதுல ஊர்க்காரங்க கையும் இருக்கு. அப்புறம் உள்ள தீ மூட்டி மூணு வாரம் கனிய விட்டதுல மரம் காஞ்சு சுருங்கி சுவர விட்டு விலக, உருவி எடுத்துட்டாங்க. அதனால உள்சுவர் பூரா மரத்தோட அச்சு பள்ளம் பள்ளமா, கரிபிடிச்சு கருப்பா நிக்குது, கைய வெச்சு தடவிப் பாருங்க. சென்ட்ரிங் பலகைய இறுக்கிப் பிடிச்ச ஓட்டைகள அடைக்காம கண்ணாடி வெச்சு விட்டிருக்காங்க, இருட்டுல அது ஒவ்வொண்ணும் புள்ளி புள்ளியா மின்னுது. மேல கூரையே கிடையாது, மழை நேரா உள்ள வரும், ஈயமும் தகரமும் உருக்கி ஊத்துன தரையில தண்ணி தேங்கி நிக்கும் (இத வேணும்னே பண்ணியிருக்காங்க, லீக்னு நெனச்சு திட்டாதீங்க).

நம்மாளுங்க பீடம், சுரூபம், சீரியல் செட்னு எதிர்பார்த்துப் போனா ஏமாந்துடுவீங்க. ஒரு சின்ன வெண்கலத் தலை, ஒரு பெஞ்ச், மெழுகுவர்த்தி, வேற பெருசா எதுவும் இல்ல. கரண்டும் கிடையாது. எனக்கு அதுதான் புடிச்சுது, ஆனா கூட வந்தவங்க "இதுக்கா இவ்ளோ தூரம்"னு மூஞ்சிய தூக்கி வெச்சுக்கிட்டாங்க.

கார விட்டுட்டு வயல் வழியா கொஞ்ச தூரம் நடக்கணும், நிழல் இல்ல. உள்ள இடம் ரொம்ப சின்னது, போட்டோ எடுக்குற கும்பலோட மாட்டுனா கடுப்பாயிடும், காலைல திறந்ததும் போயிடுங்க. லேசா தூறுற நாள்ல போனா இன்னும் நல்லது. நாலரை ஸ்டார், அந்த அரைய கும்பலுக்காக கொறச்சேன்.