ஷெஃபீல்டில் கியர் கார் பயிற்சி: என் அனுபவம்

சென்னையில் பயிற்சிப் பள்ளி மாஸ்டர் பாதி நேரம் தன் பக்கத்துக் கிளட்ச்சைத் தானே மிதித்துவிடுவார். இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் நான் சேர்ந்த பயிற்றுநரின் காரிலும் இரட்டைப் பெடல் உண்டு. ஆபத்து வந்தாலொழிய அவர் அதைத் தொடுவதில்லை. முதல் வகுப்பில் ஆக்சிலரேட்டர் பக்கமே விடவில்லை. கிளட்ச்சை மெல்ல விடவிட, கார் நகரத் துடிக்கும் அந்த இடத்தைக் கால் பழகும்வரை விடமாட்டார். ஊர் முழுக்க மேடு என்பதால் ஹேண்ட்பிரேக் போட்டு ஏற்றத்தில் எடுப்பது அப்புறம் தானாக வந்துவிடுகிறது. கண்ணாடி பார்க்கும் பழக்கத்தில் ரொம்பக் கறார். தேர்வில் சின்னப் பிழை 15 வரை பொறுப்பார்கள். பெரிய பிழை ஒன்றே ஒன்று என்றாலும் தோல்விதான்.

இந்தியக் கார் லைசென்ஸில் கியர், ஆட்டோமேட்டிக் என்று பிரிவில்லை. பிரிட்டனில் ஆட்டோமேட்டிக்கில் தேறினால் கியர் கார் ஓட்ட முடியாது. ஜெர்மனியில் 2021 முதல், ஆட்டோமேட்டிக்கில் தேர்வு எழுதினாலும் பள்ளியில் 10 கியர் வகுப்பும் ஒரு சிறு சோதனையும் முடித்தால் இரண்டையும் ஓட்டலாம். எனக்கு அதுதான் நியாயமாகப் படுகிறது.

என் ஷெஃபீல்ட் பயிற்றுநரிடம் கட்டணம் அதிகம்தான், சனிக்கிழமை இடமும் லேசில் கிடைக்காது. ஆனாலும் கியர் கார் கற்க நினைப்பவர்கள் தயங்காமல் இவரிடம் போங்கள்.