எரிமலையில விடியல் பாக்க: பாத்தூர் ஜீப்பா, பாத்தூர் நடையா, புரோமோ ஜீப்பா?

மாமி நேற்றுப் பின்னேரம் திருநெல்வேலிச் சந்தைக்குப் போட்டு வாற வழியில வீட்டை ஏறி, மரக்கறிப் பையைக்கூட கீழ வைக்காம கேட்டா, "தம்பி, உந்த நெருப்பு மலைக்கு ஜீப்பில கொண்டு போய் விடியிறதைக் காட்டுறாங்களாம், எனக்கும் மாமாவுக்கும் ஏலுமோ? கொம்மா போட்டு வந்ததில இருந்து அதையேதான் கதைக்கிறா" எண்டு. இந்த மாசம் இதைக் கேட்ட மூண்டாவது ஆள் அவ. அதாலை ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்லாம எழுதியே விடுறன்.

நாங்கள் போன வருசம் நல்லூர்த் தீர்த்தம் முடிஞ்ச கையோட போனனாங்கள், அம்மா, நான், தங்கச்சி, மச்சான், அவையின்ர 9 வயசு மகள். அம்மாவுக்கு 67, ரெண்டு முழங்காலும் நோ. மூண்டு விதமாயும் போய்ப் பாத்தாச்சு: இந்தோனேசியாவின்ர பாலித் தீவில பாத்தூர் எரிமலைக்கு ஜீப்பில எல்லாரும், ரெண்டு நாள் கழிச்சு அதே மலைக்கு நானும் மச்சானும் மட்டும் நடந்து, பேந்து பக்கத்துத் தீவான ஜாவாவின்ர கிழக்குப் பக்கம் போய் புரோமோ எரிமலைக்கு திரும்பவும் ஜீப்பில.

முதல்ல ஒரு விசயம், இது தெரியாமத்தான் கனபேர் காசு கட்டுறவை. பாத்தூர் ஜீப் மலை உச்சிக்குப் போகாது. எங்களுக்கு புக் பண்ணித் தந்த ஆள் "உச்சி வரைக்கும் ஜீப்தான், ஒரு அடி நடக்கத் தேவையில்லை" எண்டு வாய் கூசாமச் சொன்னவர். விடியப்புறம் நாலே முக்காலுக்கு ஜீப் ஒரு மேட்டில போய் நிண்டு டிரைவர் எஞ்சினை நிப்பாட்டேக்க, எஞ்சின் சூடு ஆற வைக்கிறார், பேந்து ஏறப் போறம் எண்டுதான் நான் நினைச்சன், பாத்தா அதுதான் இடம், உச்சி எங்களுக்கு முன்னால இருட்டுக்க கரிய முக்கோணமா நிக்குது. சரியான கோவம் வந்தது. விடிஞ்சாப் பிறகு அந்தக் கோவம் போட்டுது, ஏனெண்டு கீழ சொல்லுறன், எண்டாலும் பொய் சொல்லி வித்தது பிழை பிழைதான், அதாலை காசு கட்ட முதல் "ஜீப் எந்த இடத்தில நிக்கும்" எண்டு நேராக் கேளுங்கோ.

பாத்தூர் உயரம் 1,717 மீற்றர், எங்கட சிவனொளிபாதமலை 2,243, அப்ப உயரத்தில அது பெரிய மலை இல்லை. விசயம் என்னெண்டா அது நிக்கிற இடம். ஒரு காலத்தில இருந்த பெரிய எரிமலை வெடிச்சு உள்ளுக்க இடிஞ்சு விழுந்து ஒரு மாபெரும் கிண்ணமாப் போச்சு, 13 கிலோமீற்றருக்கு 10 கிலோமீற்றர் அளவில, அந்தக் கிண்ணத்துக்குள்ள பேந்து முளைச்ச மலைதான் இப்ப நாங்கள் பாத்தூர் எண்டு சொல்லுறது. கிண்ணத்தின்ர விளிம்பில கிந்தாமணிப் பக்கத்து ஊருகள், அடியில பிறை மாதிரி ஒரு ஏரி. ஜீப்புகள் போய் நிக்கிறது மலைச் சரிவிலயும் கிண்ணத்துக்குள்ளயும் இருக்கிற மேடுகளில. கிழக்கால ஆபாங் மலை, அதுக்கங்கால 3,000 மீற்றருக்கு மேல ஆகுங், முகில் இல்லாட்டி கடலுக்கு அங்கால லொம்பொக் தீவின்ர ரிஞ்சானி கூட நீல நிழலாத் தெரியும்.

எங்களுக்கு வந்தது கூரை திறந்த பழைய சுசுகி ஜிம்னி. யாழ்ப்பாணத்து ஆக்களுக்கு அதில ஏறினா ஒரு சொந்தம் வரும், ஏனெண்டா எங்கட மெக்கானிக்மார் மொறிஸ் மைனரையும் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜையும் எப்பிடி உயிரோட வைச்சிருந்தவையோ, யுத்தகாலப் பொருளாதாரத் தடை நேரம் ரெண்டு சொட்டுப் பெற்றோலில ஸ்ராட் பண்ணி மண்ணெண்ணெயில ஓடினமோ, அதே கைவேலைதான் அங்கயும், கதவுக்கு வேற வாகனத்துப் பிடி, கியர் தடிக்கு சைக்கிள் ரியூப் சுத்தி இருக்கு, ஆனா எஞ்சின் ஒரு அடி பிசகாம ஓடுது. குலுக்கல் இருக்கு, இல்லையெண்டு சொல்ல மாட்டன். நாரி நோ இருக்கிற ஆக்கள் முன் சீற்றில இருங்கோ, பின்னுக்கு இருந்தா ஒவ்வொரு பள்ளத்துக்கும் தூக்கிப் போடும். தார் ரோட்டு விட்டு இறங்கினாப் பிறகு ஒரு இருவது நிமிசம்தான், அம்மா தாங்கிட்டா.

விடிஞ்சாப் பிறகு கொண்டு போறது கரிய லாவாக் காட்டுக்கு, எனக்குக் கேட்டா அந்த ஜீப் பயணத்தின்ர பெறுமதி முழுக்க அதுலதான். 1963 இல வழிஞ்ச குழம்பு அப்பிடியே உறைஞ்சு கிடக்கு, கண்ணுக்கெட்டின தூரம் கறுப்பு, இடைக்கிட பச்சையா ஒரு புல்லு. அம்மா இறங்கி ஒரு கல்லைக் கையில எடுத்தா, உள்ளங்கை அளவு, ஆனா எடுத்த கையோட "உதென்ன பாரமே இல்லை" எண்டா. முழுக்க ஓட்டை, விளிம்பு விரலைக் கீறுற மாதிரி கூர். "நெடுந்தீவு மதிலில கிடக்கிற முருகைக்கல் மாதிரியே இருக்கு, இது கரி பூசினது" எண்டு சொல்லிப் பிரட்டிப் பிரட்டிப் பாத்துட்டு எடுத்த இடத்திலயே திரும்ப வைச்சா. டிரைவர் பொடியன் கை காட்டிச் சொன்னான், பாத்தூர் எண்ட ஊர் முதல் மலை அடியிலதானாம் இருந்தது, 1926 இல லாவா வந்து ஊரையும் கோயிலையும் மூடினாப் பிறகு சனம் மேல விளிம்புக்கு ஏறிப் போய் அங்க ஊரைப் போட்டு, ஏரித் தெய்வத்தின்ர கோயிலையும் அங்கயே திரும்பக் கட்டினவையாம், அதுதான் இப்ப எல்லாரும் போய்ப் பாக்கிற உலுன் டானு பாத்தூர் கோயில். தங்கச்சி அதை மொழிபெயர்த்துச் சொல்லச் சொல்ல அம்மா ஒண்டும் பேசேல்லை. 95 இல யுத்த இடப்பெயர்வில ஒரே இரவில வீட்டைப் பூட்டிட்டு சாவகச்சேரிப் பக்கம் நடந்த மனுசி, உந்தக் கதை அவவுக்கு ஆரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

இனி நடை. உள்ளூர் வழிகாட்டி இல்லாம ஏற விடமாட்டினம், அங்கத்தைய வழிகாட்டியள் சங்கம் அதில கண்டிப்பு, அதுக்கு சண்டை பிடிக்காதேங்கோ, இருட்டுக்க அந்த ஆள் இல்லாட்டி பாதை பிடிபடாது. நாலு மணிபோல வெளிக்கிட்டு ரெண்டு மணித்தியாலத்துக்குக் கிட்ட ஏறினம். முதல் பாதி தோட்டப் பாதை, லேசு. கடைசி அரை மணித்தியாலம் தான் சோதனை, செங்குத்து, காலுக்குக் கீழ கருஞ்சல்லி உருளும். சிவனொளிபாதமலையில படி இருக்கு, ரீக்கடை இருக்கு, கைபிடிக்க கம்பி இருக்கு, இஞ்ச அந்தச் சோலி ஒண்டும் இல்லை. ஏறுறதை விட இறங்குறதுதான் முழங்காலைத் தின்னும், மச்சான் 38 வயசு, கிழமைக்கு மூண்டு நாள் பந்து அடிக்கிற ஆள், அவரே மூண்டு நாளா படி இறங்கேக்க சுவரைப் பிடிச்சவர். உச்சியில நிலத்து வெடிப்பால வாற ஆவியில முட்டை அவிச்சுத் தருவினம், கையைக் கிட்டக் கொண்டு போனா இட்டலிச் சட்டி மூடி திறந்த மாதிரி சூடு அடிக்கும். குரங்குகள் இருக்கு, வாழைப்பழத்தைப் பையுக்க வையுங்கோ.

உச்சியில நிண்டு கிழக்கு வெளுக்கிறதைப் பாக்கேக்கதான் எனக்கு அந்தக் கோவம் ஏன் போனதெண்டு வடிவா விளங்கினது. உச்சியில நிண்டா ஆகுங் தெரியும், ஏரி தெரியும், முகில் கடல் மாதிரி தெரியும், பாத்தூர் மட்டும் தெரியாது, ஏனெண்டா நீங்கள் அதுக்கு மேல நிக்கிறியள். ஜீப் மேட்டில இருந்து பாத்தா முழு மலையும், அதின்ர வெடிப்பு வாயும், அது கக்கின கறுப்பும், அதில முதல் வெளிச்சம் படேக்க மண்ணிறமா மாறுறதும் எல்லாம் ஒரே பார்வைக்குள்ள வரும். அப்ப மலையைப் பாக்கப் போறியளோ, மலையில ஏறினனான் எண்ட சந்தோசத்துக்குப் போறியளோ எண்டு வீட்டில இருந்தே முடிவெடுங்கோ. ரெண்டும் நல்ல ஆசைதான், ஆனா ரெண்டும் வேற. இளம் ஆக்கள், கால் திறமா இருந்தா, நடங்கோ, வியர்வையோட பாக்கிற விடியலுக்கு ஒரு ருசி இருக்கு. மற்ற ஆக்கள் "ஜீப் எண்டா குறைவு" எண்டு மனசுக்க வைக்காதேங்கோ.

காசுக் கதை சுருக்கமா. ஜீப்புக்கு விலை கூடுதலா முழு வாகனத்துக்கும், நாலு பேர் சேர்ந்தா பிரியும், தனிய ஒராள் போனா நடைதான் மலிவு. பாலியில கனபேர் தங்குற உபுத் ஊரில தங்கி அங்க இருந்து போறதை விட முதல் நாள் இரவே ஏரிக்கரையில, தோயா புங்கா பக்கம் தங்குங்கோ. உபுத்தில எண்டால் ரெண்டு ரெண்டரைக்கே வாசலில வான் வந்து நிக்கும், பாலி எங்கட நேரத்தை விட ரெண்டரை மணித்தியாலம் முன்னுக்கு, அப்ப எங்கட உடம்புக்கு அது சாமம் பன்னிரண்டு மணி. ஏரிக்கரையில நிண்டா நாலு மணிக்கு எழும்பினாப் போதும், திரும்பி வந்து அங்கயே வெந்நீர் ஊத்துகளில முழங்காலை ஊற வைக்கலாம், அம்மா எழும்ப மனமில்லாம ஒரு மணித்தியாலத்துக்கு மேல இருந்தவ.

புரோமோ வேற உலகம். அதுக்கு பாலியில இருந்து போறது ஒரு முழுப் பயணம், நாங்கள் சுரபாயாவுக்கு பிளேனில போய் அங்க இருந்து காரில நாலு மணித்தியாலம் போல ஏறி செமோரோ லாவாங் ஊரில தங்கினம். சுரபாயாவில சாமம் ஏத்தி விடிய மலையில விட்டு மத்தியானம் திருப்பிக் கொண்டு வாற ஒருநாள் ரூர் விக்கிறவை, வயசான ஆக்களோட அதை எடுக்காதேங்கோ, நித்திரை இல்லாத உடம்பு அந்தக் குளிரைத் தாங்காது.

அங்கத்தைய ஜீப் டொயோட்டா லாண்ட் குரூசர், எஃப்ஜே 40, ஊராக்கள் ஹார்ட்டொப் எண்டுவினம், சிவப்பு, மஞ்சள், நீலம் எண்டு வரிசையா நூற்றுக்கணக்கில நிக்கும். மூண்டு மணிக்கு வெளிக்கிட்டு, 2,770 மீற்றர் உயரத்தில இருக்கிற பெனஞ்சாகன் பார்வையிடத்துக்கு ஏறுது. இஞ்சதான் பாத்தூரோட பெரிய வித்தியாசம்: பார்வையிடம் எரிமலையை விட உயரம். புரோமோ 2,329 தான், அப்ப நீங்கள் மேல நிண்டு கீழ பாக்கிறியள். விடிய விடிய, 10 கிலோமீற்றர் அகலக் கிண்ணத்துக்குள்ள புகார் பால் மாதிரி நிரம்பி இருக்க, அதுக்க இருந்து பாத்தோக் மலை மடிச்ச பாவாடை மாதிரி வரி வரியா எழும்ப, பக்கத்தில புரோமோ வெள்ளைப் புகை விட, எல்லாத்துக்கும் பின்னால ஜாவாவிலயே உயரமான செமேரு, 3,676 மீற்றர், இடைக்கிட ஒரு சாம்பல் முகிலைக் கக்கும். செமேரு எண்டா எங்கட மேருதான். பக்கத்தில நிண்ட ஆக்கள் எல்லாம் போனைத் தூக்கிப் பிடிக்க, மருமகள் என்ர கையைப் பிடிச்சு "மாமா, அது மூச்சு விடுது" எண்டாள். பாத்தூரில அப்பிடி ஒண்டும் எனக்கு வரேல்லை, அதை மறைக்க மாட்டன்.

ஆனா அந்தக் காட்சிக்கு விலை இருக்கு. சனம். பாதை ஒடுக்கம், பிந்திப் போன ஜீப்புகள் கீழயே வரிசையில நிக்கும், கடைசித் தூரம் நடக்க வேணும், இல்லாட்டி மோட்டச்சைக்கிள்காரருக்குக் காசு குடுக்க வேணும். எங்கட ஜீப் பத்து நிமிசம் பிந்தினதால அம்மாவை நானும் தங்கச்சியும் ரெண்டு பக்கமும் பிடிச்சு ஏத்தினம், பேந்து மேடைக்குப் படியும் இருக்கு. கொஞ்சம் கீழ இருக்கிற கிங்கொங் மேட்டில நிப்பாட்டச் சொல்லியிருக்கலாம், காட்சி கிட்டத்தட்ட அதேதான், எங்களுக்குப் பிந்தித்தான் தெரிஞ்சது.

விடிஞ்ச கையோட ஜீப் கீழ இறங்கி மணல் கடலுக்க ஓடும், சாம்பல் நிற மண், ரயர் தூசி கிளப்பினா முன்னுக்குப் போற வாகனம் மறையும். ஜீப் நிக்கிற இடத்தில இருந்து நடந்தோ குதிரையிலயோ அடிவாரம், அங்க இருந்து 250 படி போல, மேல போனா எரிமலை வாய். உள்ளுக்க இருந்து ஒரு இரைச்சல் நிப்பாட்டாம வரும், கடல் கொந்தளிக்கிற மாதிரி, கந்தக மணம் தொண்டையைப் பிடிக்கும். தொய்வு வருத்தம் உள்ள ஆக்கள் மேல போகாதேங்கோ, கீழயும் மூக்குக்குத் துணியோட இருங்கோ. விளிம்பில பிள்ளையார் சிலை ஒண்டு இருக்கு. அங்கத்தைய தெங்கர் சனம் இந்துக்கள், கசாதா எண்ட விழாவில விளைஞ்ச மரக்கறி, கோழி, ஆடு எல்லாம் அந்த வாய்க்குள்ள காணிக்கையாப் போடுறவை. அம்மா ஏறேல்லை, மணலுக்க நிக்கிற பூரா பொத்தென் கோயில் மதிலோட ஜம்பக்காளம் மாதிரி சால்வையை விரிச்சு இருந்து, நானும் மருமகளும் இறங்கி வர மட்டும் மலையைப் பாத்துக் கொண்டே இருந்தவ. "நீங்கள் ஏறினியள், நான் கும்பிட்டன்" எண்டா.

குளிரை லேசா எடுக்காதேங்கோ. யூலை, ஓகஸ்ட்டில புரோமோவில விடியப்புறம் பூச்சியத்துக்குக் கிட்டப் போய் புல்லில உறைபனி பிடிக்கிறது உண்டு. ஆனா மழையில்லாக் காலம் ஏப்ரலில இருந்து ஒக்ரோபர் மட்டும்தான், அப்ப நல்லூர் முடிஞ்ச கையோட போறது எங்கட ஆக்களுக்குச் சரியாப் பொருந்தும், டிசம்பர் லீவுக்குப் போனா மழையும் புகாரும் பாத்துட்டு வரவேண்டி வரும். இந்தோனேசியாவில எரிமலைக்கு நாலு எச்சரிக்கைப் படி இருக்கு, படி உயர்ந்தா வாய்க்குக் கிட்ட விடமாட்டினம், வெளிக்கிட முதல் நாள் விசாரியுங்கோ. இன்னொண்டு, கலியாண சோடியளுக்கு: 2023 செப்ரெம்பரில புரோமோப் புல்வெளியில கலியாணத்துக்கு முந்தின படப்பிடிப்புக்கு புகைத்திரி கொளுத்தி, தீ பரவி நூற்றுக்கணக்கான ஹெக்ரேயர் எரிஞ்சு போனது. இஞ்சயும் இப்ப அந்தப் புகைத்திரி மோகம் வந்திட்டுது, அங்க கொண்டு போகாதேங்கோ.

ஒரே ஒரு இடம்தான் ஏலும், காலும் நல்லம் எண்டால் நான் புரோமோதான் சொல்லுவன், தூரத்தையும் சனத்தையும் பொறுத்துக் கொண்டு போங்கோ. மாமிக்கும் மாமாவுக்கும் பாத்தூர் ஜீப், முதல் நாள் ஏரிக்கரையில தங்கி, மாமா முன் சீற்றில. காலமைச் சாப்பாட்டுக்கு முட்டை வேண்டாம், மரக்கறி எண்டு முதலே சொல்லி வைக்கச் சொன்னன். மாமி எல்லாம் கேட்டுட்டு "குளிருக்கு என்னட்டை ஒண்டும் இல்லையே" எண்டா. அம்மா உள்ளுக்க போய், முந்தி நுவரெலியாவில வாங்கின தன்ர கம்பளிச் சுவெற்றரை அலுமாரியால எடுத்து வந்து, மாமியின்ர மரக்கறிப் பையுக்க கத்தரிக்காய்க்கு மேல மடிச்சு வைச்சுப் போட்டா.