மூணு சுழி ண-வைக் காப்பாற்றும் வழி எது?

தமிழ்க் கையெழுத்தை வாசிக்கும் கணினி மாடலைப் பழக்க உட்கார்ந்தால் முதலில் இடிப்பது தரவுப் பஞ்சம்தான். எச்பி லேப்ஸ் இந்தியா வெளியிட்ட தொகுப்பில் 156 குறிகள் உண்டு, அவற்றைக் கோத்தே 247 எழுத்தையும் எழுதிவிடலாம். ஆனால் எழுதியவர்கள் கொஞ்சம் பேர். மீதிப் படங்களை நாமேதான் செயற்கையாக உருவாக்கிக்கொள்ள வேண்டும்.

சுலபமானது எழுத்துரு வழி. கையெழுத்துச் சாயல் கொண்ட யூனிகோடு எழுத்துருக்களைப் படமாக்கி, சாய்த்து, மங்கலாக்கினால் ஒரே இரவில் லட்சம் படம் கிடைக்கும். ஆனால் அதில் எல்லா 'க'வும் ஒரே 'க'தான். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் பள்ளியில் படித்தவர்கள் லை, ணை, னை எழுதும்போது போடும் துதிக்கைக் கொம்பு, இன்றைய எழுத்துருக்கள் பெரும்பாலானவற்றில் வராது. தாத்தாவின் கடிதத்தை நீட்டினால் மாடல் திணறும். முதல் சுற்றுப் பயிற்சிக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

என் ஓட்டு நெளிப்புக்குத்தான். 2003-ல் ஆய்வாளர் சிமார்டும் அவருடைய சகாக்களும் எம்னிஸ்ட் என்ற கையெழுத்து இலக்கத் தொகுப்பில் செய்துகாட்டியது இது: உண்மையான கையெழுத்துப் படத்தின் புள்ளிகளைச் சீரற்ற திசைகளில், ஆனால் பக்கத்துப் புள்ளிகள் ஒன்றாக நகரும்படி மென்மையாக்கி, இழுத்துவிடுவது. ஒருவர் எழுதிய 'அ' பத்துப் பேர் எழுதியதுபோல ஆகிவிடும். அளவு மீறினால்தான் ஆபத்து. மூணு சுழி 'ண'வில் ஒரு சுழி நசுங்கினால் அது ரெண்டு சுழி 'ன', 'ஏ'வின் கீழ்க்கோடு மங்கினால் 'எ', ஆனால் லேபிள் (இது எந்த எழுத்து என்று படத்தோடு வரும் குறிப்பு) மட்டும் பழையதாகவே இருக்கும், மாடல் பொய்யைப் படிக்கும். அதனால் எழுத்துக்கு எழுத்து கொஞ்சம் படங்களையாவது கண்ணால் பார்த்துவிடுங்கள். பேனாத் தடம், அதாவது பேனா நகர்ந்த பாதையின் பதிவு, கையில் இருந்தால் இன்னும் நல்லது, தடத்தையே நெளித்து, கோட்டின் தடிமனையும் நாமே மாற்றிக்கொள்ளலாம்.

அப்புறம், புதுப் படங்களைத் தாமே உருவாக்கும் கேன் (GAN), டிஃப்யூஷன் மாடல்கள். படம் அசல்போலவே இருக்கும், ஆனால் அதைப் பழக்கவே ஏராளமான கையெழுத்து வேண்டும், நம்மிடம் இல்லாததே அதுதானே! கேன் சில சமயம் நாலைந்து பாணிகளையே திரும்பத் திரும்பத் துப்பும், 'ங' மாதிரி அரிதான எழுத்து என்றால் கேட்கவே வேண்டாம்.

எந்த வழியில் போனாலும் சரி, மாடலைச் சோதிக்க ஒதுக்கிய தொகுப்பில் ஒரு செயற்கைப் படமும் கலக்காதீர்கள். பயிற்சிக்கு எழுதிக்கொடுத்தவரின் எழுத்து சோதனையில் வராதபடி ஆள்வாரியாகப் பிரித்து வையுங்கள்.