லுவான்டியின் 3டி காட்சி: எந்தத் திரைக்கு எந்த முறை

மைன்டெஸ்ட் என்று அறியப்பட்டு 2024இல் லுவான்டி எனப் பெயர் மாறிய இந்த இலவச பிளாக் உலக விளையாட்டு எஞ்சினில் ஸ்டீரியோ காட்சி (இரு கண்களுக்கும் தனித்தனிப் படம் காட்டி ஆழம் உணர்த்துவது) உள்ளேயே இருக்கிறது. தனி மோட் (கூடுதல் நிரல்) தேவையில்லை. வீட்டில் பழைய 3டி டிவியோ போலரைஸ்டு மானிட்டரோ சும்மா கிடந்தால் கட்டாயம் முயன்று பாருங்கள். விஆர் ஹெட்செட்டுக்கு இது ஆகாது. தலையசைவைப் பின்தொடராது, லென்ஸ் வளைவைத் திருத்தாது.

அமைப்புகளில் மேம்பட்டவற்றையும் காட்டச் சொல்லிவிட்டு '3டி' என்று தேடினால் முறைகள் வரும். மாற்றிய பின் உலகத்தை விட்டு வெளியேறி மீண்டும் நுழையுங்கள்.

போலரைஸ்டு திரைகளுக்கு, இருப்பதில் சிறந்தது இன்டர்லேஸ்டு முறை. ஒற்றைப்படை வரிகள் ஒரு கண்ணுக்கு, இரட்டைப்படை வரிகள் மறு கண்ணுக்கு. திரை அதன் இயல்பான அளவிலேயே (பெரும்பாலும் 1920×1080), முழுத்திரையில் ஓட வேண்டும். டிவி படத்தைச் சற்றே பெரிதாக்கினாலும் வரிகள் கலந்து இரட்டைப் பிம்பம் தெரியும். ஓவர்ஸ்கேன் எனப்படும் இந்தப் பெரிதாக்கலை அணைப்பதுதான் வழி. ஆழம் தலைகீழாகத் தெரிந்தால் கண்கள் இடம் மாறியிருக்கின்றன. பேரலாக்ஸ் (இரு கண் படங்களுக்கு இடையிலான விலகல்) மதிப்புக்கு முன் கழித்தல் குறி போட்டால் சரியாகிவிடும்.

அந்த மதிப்பின் இயல்பு நிலை 0.025, உச்சம் 0.087. கேமரா நடுவிலிருந்து ஒவ்வொரு பக்கமும் இவ்வளவு பிளாக் நகரும். ஒரு பிளாக்கை ஒரு மீட்டராகக் கொண்டால் கண் இடைவெளி 5 செ.மீ. மனிதக் கண் இடைவெளி சராசரியாக 6.3 செ.மீ. என்பதால் 0.032 வைத்தால் அளவுகள் இயல்பாகத் தெரியும். அதைத் தாண்டி ஏற்றினால் பக்கத்துச் சுவர் கண்ணை இழுக்கும். இரு கண் பார்வையும் சந்திக்கும் குவிதூரத்துக்குத் தனி அமைப்பு இல்லாதது பெரிய குறை. அமைப்புக் கோப்பில் கையால் எழுதுபவர்கள் கவனிக்க: பேரலாக்ஸ் என்பதற்கு அங்கே நடுவில் ஒரே ஒரு 'எல்'தான். இரண்டு போட்டால் மதிப்பு ஏறாது.

இன்னொரு தொல்லை, திரை நடுவில் இருக்கும் இலக்குக் குறி. அது இரு கண்களுக்கும் ஒரே இடத்தில் வரையப்படுவதால், அருகிலுள்ள பிளாக்கை நோக்கும்போது இரண்டாகப் பிரியும். குறியின் ஒளிபுகாத் தன்மையை 0 ஆக்கிவிட்டு, பிளாக்கைச் சுற்றி வரும் தேர்வுக் கட்டத்தை நம்பித் தோண்டுங்கள். கட்டம் உலகத்துக்குள்ளேயே வரையப்படுவதால் ஆழம் பிசகாது. நடை ஆட்டத்தையும் 0 ஆக்குங்கள், தலைவலி குறையும்.

இரு கண் படங்களையும் நிறத்தால் பிரிக்கும் அனாக்ளிஃப் முறைக்கு இடக்கண்ணில் சிவப்பு, வலக்கண்ணில் சயான் கண்ணாடி போதும். மலிவு, ஆனால் லாவாவும் சிவப்புப் பூக்களும் ஒரு கண்ணில் ஒளிர்ந்து மறு கண்ணில் கறுத்து மினுங்கும். பக்கம்பக்கமாகவோ மேல்கீழாகவோ காட்டும் முறைகள் 3டி டிவிகளுக்கானவை. ரிமோட்டிலும் அதே வகையைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

எந்த முறையானாலும் உலகம் இருமுறை வரையப்படுகிறது, ஃப்ரேம் ரேட் கிட்டத்தட்ட பாதியாகிவிடலாம். பார்வைத் தொலைவை 190லிருந்து 100க்கு இறக்கினால் பெரும்பகுதி மீளும்.