கண்ணாடியா, ஆசையா? ஓர் ஒலிப்பாடத் தொடர் பற்றி

இடைக்காலத்தின் கடைசி இரு நூற்றாண்டுகளில் ஐரோப்பாவில் பிறந்த அரசியல் சிந்தனை பற்றிய ஒலிப்பாடத் தொடர் இது. காசு கொடுத்து வாங்கி, இரண்டு தடவை கேட்டுவிட்டேன். ஆசிரியர் எடுத்தவுடன் அரிஸ்டாட்டிலிடம் போவதில்லை, முதலில் எந்த ஊரில் யார் யாரோடு மோதினார்கள் என்று சொல்கிறார், நூல் அப்புறம்தான். எனக்கு இந்த முறை ரொம்பப் பிடித்தது.

மார்சிலியஸ் பாடத்தைக் கேளுங்கள். சட்டம் இயற்றும் உரிமை மக்களுடையது அல்லது அவர்களில் எண்ணிக்கையாலும் தகுதியாலும் கனமான பகுதியினருடையது என்று 1324இல் எழுதியவர், மன்றங்கள் கூடி முடிவெடுத்த இத்தாலியின் பதுவா நகரத்துக்காரர். நான்கே ஆண்டில், போப்பின் எதிர்ப்பை மீறி, ரோம மக்களின் பெயரால் ஜெர்மானிய அரசர் லுட்விக் பேரரசராக முடிசூட்டிக்கொண்டபோது மார்சிலியஸ் அவர் பக்கம் நின்றார். நடைமுறை நூலுக்குள் போனது, நூல் திரும்பவும் தெருவுக்கு வந்தது.

இத்தாலியின் சியெனா நகரம் பற்றிய பாடம்தான் உச்சம். 1338-39இல் ஓவியர் லொரென்செட்டி அந்த நகர மாளிகைச் சுவரில் தீட்டிய நல்லாட்சி ஓவியத்தை அங்குலம் அங்குலமாக விவரிக்கிறார். நீதியின் தராசிலிருந்து இறங்கும் கயிறு ஒற்றுமை என்ற பெண்ணின் கைக்கு வருகிறது, அவள் மடியில் மேடுபள்ளத்தைச் சமன் செய்யும் தச்சரின் இழைப்புளி, அங்கிருந்து 24 குடிமக்கள் அதே கயிற்றைப் பிடித்து வரிசையாகப் போகிறார்கள். இன்னொரு சுவரில் கொம்பு முளைத்த கொடுங்கோலன், அவன் காலடியில் கட்டுண்டு கிடக்கும் நீதி. அந்த அறையில் கூடி ஆண்ட ஒன்பது பேரும் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மாறுவார்கள் என்று தெரிந்தபோது, வருகிற ஒவ்வொருவருக்கும் அந்தச் சுவர் சொன்ன புத்திமதி எனக்கு உறைத்தது.

ஆனால் இங்கேதான் எனக்கு மனக்குறை. அந்த ஓவியம் சியெனா ஆட்சியின் கண்ணாடி என்று சொல்லி ஆசிரியர் நகர்ந்துவிடுகிறார். பெரிய பிரபுக் குடும்பங்களுக்கு அந்த ஒன்பதில் இடமே கிடையாது, 1355இல் அந்த ஆட்சியே கவிழ்ந்தது. கயிற்றைப் பிடித்த ஒற்றுமை, ஆண்டவர்கள் ஆசைப்பட்டது, ஊரில் அப்படியே இருந்தது அல்ல. ஐந்து நிமிடம் ஒதுக்கியிருக்கலாம்.

போப் பதவிக்குப் பலர் உரிமை கோரிய பிளவைத் தீர்க்க 1414-18இல் கூடிய திருச்சபைப் பேரவையான கான்ஸ்டன்ஸ் சபையையும் அவசரமாக முடித்துவிட்டார். குரல் தெளிவு, வேகம் அளவு. வாங்கலாம், சியெனா பாடத்தை மட்டும் ஓவியத்தின் படத்தைத் திறந்து வைத்துக்கொண்டு கேளுங்கள்.